பதினோரு பேர் வேண்டும்

மழை பெய்த மறுநாள் புல் வெட்டக் கூடாது, ஐயா. ஈரப்புல் கத்தியில் சுற்றிக்கொள்ளும், வெட்டிய இடம் நாய் குதறிப்போட்ட மாதிரி இருக்கும். இதை ஏன் இங்கே எழுதுகிறாய் என்று கேட்பீர்கள். எங்கள் மைதானத்தைப் பற்றிப் பேசுவதென்றால் எனக்குப் புல்லிலிருந்துதான் தொடங்க வருகிறது. நடந்ததை என் கைப்பட எழுதித் தரச் சொன்னீர்கள். மேசை, விசிறி, டம்ளரில் தண்ணீர் எல்லாம் கொடுத்திருக்கிறீர்கள். அறையை விட்டுப் போகும்போது வாசலில் நின்று ஒரு கேள்வியும் கேட்டீர்கள். அதற்கு முடிவில் பதில் எழுதுகிறேன். முதலில் மற்றதை எல்லாம் வரிசையாகச் சொல்லிவிட்டால்தான் உங்களுக்குப் புரியும்.

எனக்கு இரும்புச் சாமான் கடை. ஆணி, பூட்டு, தாழ்ப்பாள், குழாய் எல்லாம் விற்கிறேன். ஆனால் ஊரில் யாரும் என்னைக் கடைக்காரர் என்று கூப்பிடுவதில்லை. செகரட்ரி என்றுதான் கூப்பிடுவார்கள். கிரிக்கெட் கிளப்புக்கு நான் செயலாளர் ஆனபோது என் தலை நிறைய முடி இருந்தது. "உங்களுக்கு மூத்த சம்சாரம் அந்த மைதானம்தான்" என்று என் மனைவி சொல்லிக் காட்டுவாள். நான் மறுத்ததில்லை.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு மட்டையும் பந்தும் இருந்தால் கிளப் நடந்துவிடும் என்று தோன்றும். அதெல்லாம் எப்படியாவது கிடைத்துவிடும். கிடைக்காதது ஆள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பதினோரு பேர் வெள்ளை உடுப்பில் வந்து நிற்க வேண்டும், அவ்வளவுதான். அதற்காகச் சனிக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததுமே ஃபோனும் கையுமாக உட்கார்ந்துவிடுவேன். ஒருவனுக்கு முழங்கால் வலி. ஒருவனுக்கு மாமியார் வருகிறார். ஒருவனுக்கு ஓவர்டைம். ஆளுக்கொரு சாக்கு. "அண்ணே, நான் அதையெல்லாம் விட்டுட்டேன்" என்று ஒருவன் சிகரெட்டை விட்டவன் மாதிரிப் பெருமையாகச் சொன்னான். தலைகீழாக நின்றாலும் எட்டு பேர், ஒன்பது பேர்தான் தேறுவார்கள். எதிரணியிடம் இரண்டு பேரைக் கடன் கேட்டு ஃபீல்டிங்குக்கு நிறுத்துவோம். தங்கள் ஆள் அடித்த பந்தை அவர்கள் எவ்வளவு அவசரமாகத் துரத்துவார்கள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். குனிந்து ஷூ நாடாவைக் கட்டிவிட்டுப் பிறகு ஓடியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இதற்கு நடுவே ஊர்மன்றத் தலைவர் வேறு ஆரம்பித்தார். ஆள் வராத இடத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது, லாரி நிறுத்தவாவது ஆகட்டுமே என்றார். அவர் கெட்டவர் இல்லை. மைதானத்தைச் சுற்றி ஒருதரம் கண்ணை ஓட்டிவிட்டு, "பார்க்க வர்றவங்க எத்தனை பேரு செகரட்ரி?" என்று கேட்டார். அப்போது பார்த்துக்கொண்டிருந்தது என் தங்கையின் கணவன் ஒருவன்தான்.

அவனைத்தான் ஊரே மைக் என்று கூப்பிட்டது. பேருந்து ஓட்டுநர் வேலை. ஆட வராது. பந்து தன் பக்கம் வந்தால் பாம்பைக் கண்டவன் போல விலகுவான். ஆனால் எல்லைக்கோட்டு ஓரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒலிபெருக்கி எதுவும் இல்லாமல், வெறும் வாயாலேயே ஆட்டத்தை வர்ணிப்பான். குரல் அடுத்த தெருவரைக்கும் கேட்கும். "இதோ வர்றாரு நம்ம ஃபியூஸு, வீட்ல பொண்டாட்டிகிட்ட வாங்கினதை எல்லாம் இந்தப் பந்துல இறக்கப் போறாரு" என்பான். பந்து வீச ஓடிவருபவனே பாதியில் சிரித்துவிட்டு நிற்பான். தோற்றுக்கொண்டிருக்கும்போதும் அவன் வாய் ஓயாது. அவனுக்கு ஊரில் பகை என்று ஒருவரும் கிடையாது. அவன் பேருந்து என்றால் பத்து நிமிஷம் தாமதமானாலும் காத்திருந்து ஏறுவார்கள். என்னை அவன் மச்சான் என்பான், நான் மாப்ள என்பேன். என் தங்கையை அவன் கடைசிவரை முகம் சுளிக்கவிட்டதில்லை. இதையும் நான் எழுதித்தான் ஆக வேண்டும்.

இப்போது மாஸ்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் கேப்டன், பள்ளியில் டிரில் மாஸ்டர். சம்பவத்துக்கு முந்தைய சீசனின் நடுவில், இரண்டாவது ரன்னுக்கு ஓடும்போது பாதி பிட்ச்சில் மட்டையை ஊன்றி நின்றார். மூச்சு வாங்குகிறார் என்று நினைத்தோம். அப்படியே உட்கார்ந்து சாய்ந்துவிட்டார். இதயம். அதில் யார் கையும் இல்லை, நீங்கள் மருத்துவரையே கேட்டுக்கொள்ளலாம். நான் சொல்ல வந்தது அதற்குப் பிறகு நடந்தது. அவருடைய இறுதி ஊர்வலத்துக்கு, முழங்கால் வலிக்காரன் வந்தான். ஓவர்டைம்காரன் வந்தான். கிரிக்கெட்டை விட்டவன் என் தோளைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை யாரையும் நான் கூப்பிடவில்லை. அவர்களாகவே வந்தார்கள். பதினோரு பேர் போக மிச்சம் இருந்தவர்களை வெளியே உட்காரவைக்க இடம் தேடினேன். பெண்கள் வந்தார்கள், தேநீர் போட்டார்கள். லாரி விஷயத்தைத் தலைவர் வாயால்கூட எடுக்கவில்லை. அந்த சீசன் முடியும்வரை ஊர் ஒரு குடும்பம் மாதிரி இருந்தது. நான் மாஸ்டருக்காக அழுதேன், உண்மைதான். ஆனால் அப்போதுபோல நான் சந்தோஷமாக இருந்ததும் இல்லை.

துக்கத்துக்கும் ஆயுசு இருக்கிறது. அடுத்த சீசன் தொடங்கியபோது முழங்கால்கள் மறுபடியும் வலிக்க ஆரம்பித்தன. தலைவரும் பேச்சை எடுத்தார். சீசன் முடிந்ததும் மன்றம் கூடி முடிவெடுக்கும் என்றார்.

ஐயா, ஒரு விஷயம் ஒருமுறை பலன் தந்ததைப் பார்த்துவிட்டால் அதை மனத்திலிருந்து எடுப்பது கஷ்டம். கடையில் பூட்டுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு அது முதலில் தோன்றியது. யாரைப் பற்றியும் கெட்ட எண்ணம் இல்லாமல், வெறும் கணக்காகத் தோன்றியது. முதலில் நான் நினைத்தது என்னைத்தான். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மனைவியிடம் விளையாட்டாகக் கேட்டேன்.

"மாஸ்டருக்கு வந்த கூட்டம் எனக்கு வருமா?"

"நீங்க போனா கடை மூடியிருக்கேன்னுதான் நாலு பேரு வந்து பாப்பாங்க. பேசாம சாப்பிடுங்க" என்றாள். பிறகு சிரித்துக்கொண்டே, "கூட்டம்னா அது நம்ம மைக் அண்ணனுக்குத்தான் வரும். நூறு வயசு இருக்கட்டும்" என்று சொல்லிக் குழம்பு ஊற்றினாள்.

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. வெறுமே போவதற்காக ஒருவன் போவதில் என்ன பிரயோஜனம். ஆனால் அந்தப் பேச்சை வைத்து நான் மைக்கைத் தேர்ந்தெடுத்தேன் என்று எழுதிவிடாதீர்கள். நான் யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை.

எங்கள் மைதானம் ஒரு பக்கம் சரிவு. மேட்டில் சாமான் கொட்டகை, அதன் முன்னால் ரோலர். பிட்ச்சைச் சமன் செய்கிற பழைய இரும்பு உருளை அது, உள்ளே கான்கிரீட் ஊற்றியது. மழை பெய்தால் ஆட்டத்துக்கு முன் அதைக் கயிறு கட்டிப் பிடித்துக் கீழே இறக்குவோம், உருட்டி முடித்ததும் எல்லோரும் சேர்ந்து திரும்ப மேலே தள்ளுவோம். உருளாமல் இருக்கக் கீழ்ப்பக்கம் இரண்டு முட்டுக்கட்டை. அதில் ஒன்று நல்ல கட்டை, மற்றது தேய்ந்தது.

எங்களிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. ஸ்டம்பு அடிக்க சுத்தியல் கிடையாது. ஸ்டம்பு நடுகிறவன் ரோலருக்குக் கீழே இருக்கிற நல்ல கட்டையை உருவிக்கொண்டு போய், அதால் அடித்து இறக்கிவிட்டு, ஓடிவந்து திரும்பச் சொருகுவான். எத்தனையோ வருஷமாக அப்படித்தான். இரும்புக் கடை வைத்திருக்கிற நீ ஒரு சுத்தியல் கொண்டுவந்திருக்கலாமே என்று கேட்டீர்கள். கொண்டுவந்திருக்கலாம். இதுவரை யாரும் கேட்கவில்லை, ஐயா. அந்தப் பழக்கம் எல்லோருக்கும் பிடித்திருந்தது. புதிதாகச் சேருகிறவனுக்கு அதைத்தான் முதலில் காட்டிக்கொடுப்பார்கள்.

ஒரு கட்டை மட்டும் இருந்தால் ரோலர் எவ்வளவு நேரம் நிற்கும் என்று ஒரு நாள் மாலையில் தனியாகப் போய்ப் பார்த்தேன். ஃபிளாஸ்கில் கொண்டுபோன தேநீரைக் குடித்து முடிப்பதற்குள் தேய்ந்த கட்டை மண்ணோடு நழுவியது. ரோலர் முதலில் யோசிக்கிற மாதிரி மெதுவாக நகர்ந்து, பிறகு சத்தமில்லாமல் இறங்கி எல்லைக்கோட்டைத் தாண்டிப் போய் நின்றது. புல்லில் அதன் தடம் தெளிவாக இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, யாரோ விஷமத்துக்குத் தள்ளிவிட்டிருக்கிறார்கள் என்றேன். இருந்த ஒன்பது பேரும் தோள் கொடுத்து அதை மேலே ஏற்றினோம். மைக் பக்கத்தில் நின்று, "தள்ளு தள்ளு, செகரட்ரி வயித்தை உள்ள இழுத்துத் தள்ளு" என்று ஊக்கம் கொடுத்தான். சிரித்துச் சிரித்து எங்களுக்குக் கையில் பலமே இல்லாமல் போனது.

என் தங்கை சீசன் ஆரம்பத்திலேயே என்னிடம் ஒன்று சொல்லியிருந்தாள். மைக்குக்கு அப்போதுதான் கண்ணில் ஆபரேஷன் ஆகியிருந்தது. "அண்ணே, அவரு சொன்னா கேக்க மாட்டாரு. வெயில் மூஞ்சில அடிக்காம நீயே பாத்து உக்கார வையி" என்றாள். அவன் வழக்கமாக உட்காருவது மரத்தடியில். காலையில் அந்தப் பக்கம் கிளைகளுக்குக் கீழாக வெயில் நேரே முகத்தில் விழும். கொட்டகைக்கு நேர் கீழே என்றால் நிழல். அதனால் சம்பவத்தன்று அவன் நாற்காலியை அங்கே கொண்டுபோய்ப் போட்டேன். தங்கை சொன்னதைச் செய்தேன்.

"மச்சான், இங்க என்ன விசேஷம்?" என்றான்.

"வெயில் கண்ல படாதுல்ல மாப்ள" என்றேன்.

அவன் ஒருமுறை மேலே பார்த்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். "செகரட்ரி சொன்னா சரிதான்" என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்தான்.

முதல் நாள் மழை என்பதால் பிட்ச்சை உருட்டி முடித்து ரோலரை அப்போதுதான் மேலே ஏற்றியிருந்தோம். அன்று ஸ்டம்பு அடித்தது ஃபியூஸ். எலெக்ட்ரீஷியன், எங்களிடம் இருக்கிற ஒரே இடக்கைப் பந்துவீச்சாளன். கட்டையை உருவினான், அடித்தான், திரும்பக் கொண்டுவந்து சொருகினான். செருப்புக் காலால் இரண்டு தட்டு தட்டிவிட்டும் போனான். நான் பந்து எடுக்கக் கொட்டகைக்குப் போனவன், வாசலில் நின்று பார்த்தேன். அவன் போன பிறகு அந்தக் கட்டையை நான் எடுத்தேன். கையிலிருப்பதை எங்காவது போட வேண்டுமே. பிட்ச்சுக்கு நடந்துபோகிற வழியில், ஸ்டம்புக்குக் கொஞ்சம் தள்ளிப் புல்லில் போட்டேன். பிறகு ஃபீல்டிங்குக்கு என் இடத்துக்குப் போனேன், மைக்குக்கு எதிர்ப்பக்கம். பந்து தெரியவில்லை, வெளிச்சம் போதாது என்று எதிரணித் தொடக்க ஆட்டக்காரன் அம்பயரிடம் முணுமுணுத்துக்கொண்டிருந்தான். அம்பயர் ஆடச் சொன்னார்.

நான் செய்தது அவ்வளவுதான். ஒரு கட்டையை எடுத்தேன். உருட்டியது சரிவு. அது நகராமலே போயிருக்கலாம். வேறு பக்கம் திரும்பியிருக்கலாம். மைக் தண்ணீர் குடிக்க எழுந்திருக்கலாம். எல்லாவற்றுக்கும் நான் இடம் விட்டுத்தான் வைத்திருந்தேன்.

ஃபியூஸ் இரண்டாவது ஓவர் வீச ஓடிவந்தபோது, ரோலர் இறங்குவதை அவன்தான் முதலில் பார்த்தான். பந்தைப் போட்டுவிட்டு இரண்டு கையையும் தூக்கிக் கத்தினான். உடனே எல்லோரும் கத்தினார்கள். மைக்குக்குத் தன் குரலில் வேறு எதுவும் கேட்கவில்லை. களத்தில் இருந்த அத்தனை பேரும் தன்னைப் பார்த்துக் கை வீசிக் கத்துகிறார்கள் என்றதும், ஏதோ தான் சொன்ன நகைச்சுவைக்குத்தான் என்று நினைத்துவிட்டான் போலிருக்கிறது. அவனும் கையைத் தூக்கி எங்களுக்கு ஆட்டினான். அந்தக் கை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. நானும் கத்தினேனா என்று கேட்டால், வாயைத் திறந்தேன் என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

மைக்கின் இறுதி ஊர்வலத்தில் அவன் ஓட்டிய பேருந்து காலியாக முன்னால் போனது. பின்னால் வந்த கூட்டத்தில் கடைசி ஆள் வீட்டை விட்டுக் கிளம்பும்போது முதல் ஆள் சுடுகாட்டை எட்டிவிட்டான். மன்றம் ஒரே மனதாகத் தீர்மானம் போட்டது. மைதானத்துக்கு அவன் பெயர், இனி அந்த மண்ணை யாரும் தொடக் கூடாது. தலைவர் என் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். இப்போது எங்களுக்கு இரண்டு அணி. பார்க்க வருகிறவர்களுக்குப் பெஞ்சு போட்டிருக்கிறோம். பிள்ளைகள், பெண்கள், வயதானவர்கள் என்று கோடு தெரியாமல் கூட்டம்.

என் தங்கை ஒவ்வொரு வாரமும் வருகிறாள். அவளுக்கு ஆட்டத்தில் ஒன்றும் புரியாது. முன் பெஞ்சில் உட்கார்ந்து, "அண்ணே, இப்ப நம்ம ஆளுங்க ஜெயிக்கிறாங்களா?" என்று கேட்பாள். ஜெயிக்கிறோம் என்பேன். ஒரு நாள் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "நீ மட்டும் இல்லைன்னா நான் என்னாயிருப்பேன்" என்றாள். அவள் கை சில்லென்று இருந்தது.

அவன் இல்லாத மைதானம் எப்படி இருக்கிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும், ஐயா. அத்தனை பேர் இருந்தும் சத்தமே இல்லை. யாராவது நல்ல கேட்ச் பிடித்தால் எல்லோரும் ஒருகணம் கொட்டகைப் பக்கம் திரும்பிப் பார்க்கிறார்கள், அவன் என்ன சொல்லப் போகிறான் என்று. பிறகுதான் கை தட்டுகிறார்கள். அந்த ஒருகணத்தில் நான் தரையைப் பார்த்துக்கொள்வேன். என் வாழ்க்கையில் எனக்கு இருந்த ஒரே நண்பன் அவன்தான். அவனுக்காக அழுதவர்களில் என்னைவிட அதிகமாக அழுதவர் ஒருவரும் இல்லை, என் தங்கையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஃபியூஸ்தான் எனக்குக் கணக்கில் வராமல் போனவன். மற்றவர்கள் எல்லாம் களத்துக்கு வந்தார்கள், அவன் மட்டும் வரவில்லை. கட்டை ஸ்டம்பு பக்கத்தில் கிடைத்ததிலிருந்து, திரும்ப வைத்தேனா இல்லையா என்பதையே யோசித்து யோசித்து வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டான். அவன் வீட்டுக்குப் பலமுறை போனேன். நீ காரணம் இல்லை, வந்து பந்து போடு என்று கெஞ்சினேன். "வெச்ச மாதிரிதான் இருக்கு அண்ணே. ஆனா வெச்சிருந்தா அவரு இருந்திருப்பாரே" என்றான். அவன் மனைவி எனக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டுக் கதவோரம் நின்று அழுதாள். நேற்று அவன் இங்கே வந்து, நான்தான் கொன்றேன், என்னைப் பிடித்துப் போடுங்கள் என்று உங்கள் முன்னால் உட்கார்ந்துவிட்டான். நீங்கள் என்னைச் சாட்சிக்காகத்தான் கூப்பிட்டீர்கள். அவன் முகத்தைப் பார்த்ததும், இனிச் சொல்லாமல் இருந்தால் அவன் மறுபடியும் பந்தைத் தொடவே மாட்டான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதனால் சொன்னேன்.

அவனை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அவன் கட்டையைத் திரும்ப வைத்தான், இரண்டு தட்டும் தட்டினான், நான் பார்த்தேன். இதை அவன் மனைவியிடமும் சொல்லுங்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை முதல் அணிக்குப் பெரிய ஆட்டம். என்னைக் கழித்து அவனைச் சேர்த்தால் பதினோரு பேர் சரியாக இருக்கிறார்கள். கொட்டகையில் புதுச் சுத்தியல் ஒன்று மாட்டியிருக்கிறேன்.

நான் யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை என்று மேலே எழுதியிருக்கிறேன். அதை அடிக்கவில்லை, அப்படியே இருக்கட்டும். தங்கை கேட்டுக்கொண்டதால்தான் நாற்காலியை நகர்த்தினேன் என்றும் எழுதியிருக்கிறேன். இத்தனை நாளும் எனக்கு நானே அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், அது உண்மை என்றே இருந்தது. நீங்கள் வாசலில் நின்று கேட்டது அதைப் பற்றித்தான். அன்று வெயில் அடித்ததா என்று கேட்டீர்கள்.

இல்லை, ஐயா. காலையிலிருந்து வானம் மூடியே கிடந்தது. அவனைத் தூக்கிக்கொண்டு போகும்வரை வெயில் வரவேயில்லை.